வெள்ளிக்கிழமை நான் வீட்டில் இல்லை

நவம்பர் 7, செவ்வாய்

சாவி திரும்பவில்லை.

மாடி மாறி வந்துவிட்டேனோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு கையில் சுடச்சுட ஸ்பனகோபிட்டா தட்டு, கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துக் காலையிலிருந்து நின்று செய்தது. இன்னொரு கையில் சாவி. கதவில் பெயரைப் பார்த்தேன். ஐந்தாவது மாடிதான். என் மகள் மிர்த்தோவின் வீடுதான். மறுபடி நுழைத்தேன். பாதி போய் நின்றுவிட்டது. சாவியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை. ம்ஹூம்.

சத்தம் கேட்டு மாப்பிள்ளை ஃபீவோஸ் கதவைத் திறந்தான். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே தூங்குகிற பைஜாமா, கழுத்தில் அந்தக் காது மாட்டி.

"அத்தை, மணி அடிச்சிருக்கலாமே."

"எதுக்கு? நான் என்ன தபால்காரியா?"

"இல்ல... பூட்டு பழசாயிடுச்சு. போன வாரம் மாத்தினோம்."

"சரி. எனக்கு ஒரு சாவி குடு."

அவன் தரையைப் பார்த்தான். "மிர்த்தோகிட்ட கேட்டுக்கோங்களேன். எனக்கு மீட்டிங் ஓடிக்கிட்டிருக்கு."

தட்டை மட்டும் வாங்கிக்கொண்டான். கதவைச் சாத்திவிட்டான். தட்டு உள்ளே, நான் வெளியே!

இந்தக் கட்டடம் நிற்கிற மண் எங்கள் மண். இங்கே எங்கள் ஒற்றை வீடு இருந்தது. கான்ட்ராக்டர் அதை இடித்து ஆறு மாடி எழுப்பினான். மண்ணுக்குப் பதிலாக எங்களுக்கு இரண்டு வீடு தந்தான். இரண்டாவது மாடி எங்களுக்கு, ஐந்தாவது மாடி மகளுக்கு. அப்போது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டை அவளுக்கென்றே வைத்திருந்து, நாலு வருஷம் முன்னால் கல்யாணத்தன்று திரைச்சீலை முதற்கொண்டு மாட்டிக் கொடுத்தோம். ஏதென்ஸ் முழுக்க இப்படித்தான். பெற்றவர்கள் ஒரு மாடி, பிள்ளைகள் ஒரு மாடி, பெற்றவர்கள் கையில் ஒரு சாவி. முதல் மாடி அசிமினாவிடம் மகன் வீட்டுச் சாவி இருக்கிறது. நாளைக்கு அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

லாம்ப்ரோஸிடம் சொன்னேன். என் கணவர் முப்பது வருஷம் இந்த ஊரில் டிராலி பஸ் ஓட்டியவர். ஹார்ன் சத்தத்தைத் தவிர எதற்கும் திரும்பிப் பார்க்க மாட்டார். "பூட்டுன்னா பழசாகத்தானே செய்யும்" என்கிறார்.

பூட்டா பழசாச்சு? நான் பழசாயிட்டேன். அதைச் சொல்ல வாய் வரலை அவளுக்கு.

நவம்பர் 8, புதன்

மதியம் அவள் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்துக் கீழே வாசலில் நின்றேன். டெலிபோனில் புகார் கேட்கிற வேலை. மின்சாரம் போனவன், பில் எகிறியவன் எல்லாரும் இவளைத்தான் திட்டுவார்கள். மதியம் போனால் இரவு பத்துக்குத்தான் திரும்புவாள்.

"என்னடி, பூட்டு மாத்தினியாமே?"

"ஆமா."

"பழசாயிடுச்சாமே?"

"இல்லம்மா. வேணும்னுதான் மாத்தினேன்."

முகத்தைப் பார்த்தே சொன்னாள். அதிலாவது என்னைக் கொண்டிருக்கிறாள்.

"நான் என்ன பண்ணேன் உனக்கு?"

"போன மாசம் நான் குளிச்சிட்டுத் துண்டோட வெளிய வரேன், நீ என் அலமாரியைத் திறந்து வெச்சு உள்ளாடை மடிச்சுக்கிட்டிருக்க. அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை காலைல நாங்க ரெண்டு பேரும் படுத்திருக்கோம், நீ பெட்ரூம்ல வந்து ஜன்னலைத் திறக்கற. 'காத்து வரட்டும்'னு!"

"காத்து வரக்கூடாதா?"

"அம்மா, எனக்கு ஒரு கதவு வேணும்."

"அஞ்சு கதவு இருக்கே அந்த வீட்ல!"

"நான் சாத்தினா சாத்தியே இருக்கிற கதவு."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். மேல் பட்டன் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. தொங்கட்டும்.

நவம்பர் 9, வியாழன்

பேசவில்லை. தலைக்கு மேலே மூன்று மாடி தள்ளி இருக்கிறாள். அசிமினாவின் தங்கை மகள் மெல்போர்னில் இருக்கிறாள், அவளாவது ஞாயிறானால் போனில் முகம் காட்டுகிறாள்.

நவம்பர் 12, ஞாயிறு

மனசு கேட்டால்தானே! பஸ்தீச்சியோ செய்தேன். அவளுக்கு உயிர். குழாய் மாக்ரோனி ஒரு அடுக்கு, கொத்துக்கறி ஒரு அடுக்கு, மேலே பால் சாஸ் தங்கமாகச் சிவக்கிற வரைக்கும் அடுப்பில்.

நான் மேலே போகவில்லை. போவேனா? லிஃப்டில் வைத்து அனுப்பினேன். அவளுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் வழக்கம் இதுதான். தட்டை லிஃப்ட் தரையில் வைத்து ஐந்தை அழுத்திவிட்டு, "அனுப்பிட்டேன்" என்று போன் செய்வேன். அவள் கதவைத் திறந்து எடுத்துக்கொள்வாள். காலித் தட்டும் அதே லிஃப்டில் கீழே வரும்.

இன்று போன் செய்யவில்லை. நான் ஏன் முதலில் பேசணும்? லிஃப்ட் மேலே போகிற சத்தம் கேட்டது. வாசனையிலேயே தெரிந்துகொள்ளட்டும்.

இரவு வரை ஒரு வார்த்தை இல்லை.

நவம்பர் 14, செவ்வாய்

தட்டு வரவில்லை. நன்றியும் வரவில்லை. என் அம்மா எனக்குத் தந்த பெரிய தட்டு அது.

"போய்க் கேளேன்" என்கிறார் லாம்ப்ரோஸ்.

"நான் போகணுமா? நானா? சமைச்சதும் நான், அனுப்பினதும் நான், இப்ப பிச்சைக்காரி மாதிரி மணி அடிச்சுத் தட்டு கேக்கிறதும் நானா?"

"அப்ப கேக்காத."

இந்த மனுஷனோடு சண்டை போடவும் முடியாது. சுவரில் பந்து எறிவது போல. பந்தாவது திரும்பி வரும்.

நவம்பர் 16, வியாழன்

இன்று நடந்ததை எழுதாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் என் தட்டு. பளபளவென்று கழுவியிருந்தது. உள்ளே ஒரு சாக்லேட் கட்டி, ஒரு சின்னச் சீட்டு. வேற்றுமொழி எழுத்து, எனக்குப் புரியக் கூடாதென்றே எழுதினாளோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாக்லேட்டா? பெற்ற தாய்க்கு ஓட்டலில் டிப்ஸ் வைப்பது மாதிரி சாக்லேட்டா?

சீட்டை எடுத்துக்கொண்டு முதல் மாடிக்கு ஓடினேன். அசிமினா நாற்பது வருஷம் துறைமுகத்தில் கப்பல் ஆபீஸில் வேலை பார்த்தவள், நாலு பாஷை படிப்பாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். மறுபடி படித்தாள். அப்புறம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"இது உன் பொண்ணு எழுதினதில்லடி. மூணாவது மாடிக்காரங்க. 'இந்தக் கட்டடத்தின் வரவேற்பு விருந்து அற்புதம், தட்டு யாருடையதென்று இன்றுதான் தெரிந்தது, உங்கள் ஊரின் அன்பை மறக்க மாட்டோம்'னு எழுதியிருக்கு."

மூன்றாவது மாடியில் முன்பு பல் டாக்டர் குடும்பம் இருந்தது. இப்போது அது வாரத்துக்கு வாரம் சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிற வீடு. தினமும் பெட்டிச் சக்கரம் தடதடவென்று. அந்த ஞாயிறு எவனோ ஒருவன் மூன்றில் லிஃப்டைக் கூப்பிட்டிருக்கிறான். கதவைத் திறந்தால் தரையில் ஆவி பறக்கப் பஸ்தீச்சியோ! எடுத்துக்கொண்டு போய்த் தின்றிருக்கிறான், பொண்டாட்டி பிள்ளைகளோடு!

மிர்த்தோவுக்குப் போகவே இல்லை. நான் அனுப்பினதே அவளுக்குத் தெரியாது.

லாம்ப்ரோஸ் கண்ணில் தண்ணீர் வருகிற அளவு சிரித்தார். "ஊரோட அன்பு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். சாக்லேட்டையும் அவரே தின்றார்.

போன் செய்து மகளிடம் சொல்லலாம்தான். ஆனால் அவள் ஏன் ஒரு வாரமாக "அம்மா, என்ன சமைச்ச?" என்று கேட்கவில்லை?

நவம்பர் 17, வெள்ளி

வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெருவில் சந்தை. ஒன்பது மணிக்குப் போவேன், கடை கட்டுகிற நேரம் வரை நிற்பேன், அப்போதுதான் விலை இறங்கும். இன்று திரும்பி வந்து பார்த்தால் சின்ன அறைக் கட்டிலில் போர்வை கசங்கிக் கிடக்கிறது.

அது மிர்த்தோவின் பழைய அறை. இப்போது துணி மடிக்கவும் விருந்தாளி வந்தால் படுக்கவும். காலையில் நானே நீவிவிட்டேன். லாம்ப்ரோஸைப் பிடித்தேன்.

"ஏன்யா, சின்ன ரூம்ல போய் ஷூவோட படுத்தியா?"

"நான் காலைலயே காபிக்கடைக்குப் போயிட்டேனே. தாவ்லி பகடை ஆடினேன், தோத்தேன். வேணும்னா கேட்டுப் பாரு."

"அப்ப காபிச் செம்பு ஏன் ஈரமா இருக்கு?"

"நீயே போட்டுக் குடிச்சிருப்ப. மறந்திருப்ப."

எனக்கா மறதி? துறைமுகக் கூண்டில் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் டிக்கெட் கிழித்தவள் நான். எந்தத் தீவுக்கு எந்தக் கப்பல் எப்போது என்று இன்றும் தூக்கத்தில் சொல்வேன். மறதியாம்!

ஆனால் செம்பு ஈரம்தான்.

நவம்பர் 24, வெள்ளி

மறுபடியும். போர்வையில் ஆள் படுத்த பள்ளம். தலையணை திருப்பிப் போட்டிருக்கிறது. நான் பூப் பக்கம் மேலே வைப்பேன்.

அசிமினாவிடம் சொன்னேன். அவள் கண்ணை உருட்டினாள். "மூணாவது மாடிக்கு வரவன் போறவன் கையில எல்லாம் வாசல் சாவி இருக்கு. யார் எவன்னு யாருக்குத் தெரியும்? பூட்டை மாத்துடி."

லாம்ப்ரோஸிடம் திருடன் என்றேன். "திருடன் வந்து காபி போட்டுக் குடிச்சிட்டு, செம்பைக் கழுவி வெச்சிட்டுப் போவானா?" என்றார். அதற்கப்புறம் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வழக்கமாக இடுப்பளவில்தான் பிடிப்பார்.

மாற்றத்தான் போகிறேன். திருடனுக்காக மட்டுமில்லை. அவளுக்கு ஒரு கதவு வேணுமாம். எனக்கும் ஒண்ணு வேணும்.

நவம்பர் 28, செவ்வாய்

பூட்டுக்காரர் வந்து மாற்றிவிட்டுப் போனார். தடிமனான நல்ல பூட்டு. சாவி மூன்று. ஒன்று எனக்கு, ஒன்று லாம்ப்ரோஸுக்கு. மூன்றாவது அடுப்படி இழுப்பறையில்.

"மிர்த்தோவுக்கு?" என்று கேட்டார்.

"மணி அடிக்கட்டும். மீட்டிங் இல்லாட்டித் திறக்கிறேன்."

"எவாந்தியா, இது வேண்டாம்" என்றார். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டுப் பல மாதம் ஆகிறது. ஏன் வேண்டாம் என்று கேட்டேன். தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு இன்று ரொம்ப சந்தோஷம். மதியம் நன்றாகத் தூங்கினேன்.

டிசம்பர் 1, வெள்ளி

கொட்டுகிற மழை. முட்டி வலி வேறு. சந்தைக்குப் போகவில்லை. லாம்ப்ரோஸ் மட்டும் குடையை எடுத்துக்கொண்டு காபிக்கடைக்குப் போனார். போகும்போது, "நீ நிஜமாவே போகலையா?" என்று மூன்று தடவை கேட்டார்.

பதினோரு மணி இருக்கும். அடுப்படியில் பூண்டுத்தழை நறுக்கிக்கொண்டிருந்தேன். கதவில் சாவி நுழைகிற சத்தம்.

லாம்ப்ரோஸ் என்றால் இருமுவார். இருமல் இல்லை. சாவி மறுபடி. கிர்ர் என்று பல்லைக் கடிக்கிற மாதிரி. என் கையில் கத்தி இருந்தது. அதோடே மெல்லப் போய்க் கதவிலிருக்கிற கண்ணாடித் துளையில் பார்த்தேன்.

மிர்த்தோ.

வீட்டுச் செருப்பு. பழைய சாம்பல் நிற ஸ்வெட்டர், காலேஜில் படிக்கும்போது போட்டது. தலை வாரவில்லை. சாவியை எடுத்துப் பார்த்தாள், ஸ்வெட்டரில் துடைத்தாள், மறுபடி நுழைத்தாள். கதவில் எங்கள் பெயரைப் படித்தாள். மாடி மாறிவிட்டதோ என்று. நான் செய்தது போலவே, ஒன்று விடாமல்.

அப்புறம் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நடுவில் ஒரு பலகை. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

என் கை கொண்டியில் இருந்தது. திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? மணி அடிக்கட்டும் என்றா? ஆமாம், அப்படித்தான். மணி இருக்கிறதே, கைக்கு எட்டுகிற தூரத்தில். அடித்தால் திறப்பேன். அடிடி, ஒரே ஒரு தடவை அடி.

அடிக்கவில்லை. படியேறிப் போனாள். லிஃப்டைக்கூடக் கூப்பிடவில்லை.

டிசம்பர் 1, மாலை

லாம்ப்ரோஸ் வந்ததும் பிடித்துக்கொண்டேன். குடையை மடிக்கக்கூட விடவில்லை.

"உனக்குத் தெரியும்ல?"

"என்ன?"

"என்கிட்ட நடிக்காதய்யா. அவ வந்தா. சாவி போட்டா. எத்தனை நாளா நடக்குது இது?"

அவர் ஈரக் கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஈஸ்டருக்கு அப்புறத்திலிருந்து."

ஈஸ்டரிலிருந்து! எட்டு மாசம்!

"ஃபீவோஸ் கம்பெனி ஆபீஸைக் காலி பண்ணிட்டு எல்லாரையும் வீட்லயே உக்காந்து வேலை பாக்கச் சொல்லிட்டாங்க. இருக்கிறதோ ஒரு ஹால், ஒரு ரூம். காலைலேர்ந்து அவன் கம்ப்யூட்டரைப் பாத்துக் கத்திப் பேசறான். மதியத்திலிருந்து ஊர்க்காரன் எல்லாம் இவ காதுல கத்தறான். ஒரு நாள் குடையை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். சின்ன ரூம்ல கட்டில் ஓரமா காபியை வெச்சுக்கிட்டுச் சுவரைப் பாத்து உக்காந்திருந்தா. என்னைப் பாத்ததும் திருடி மாதிரி எழுந்துட்டா. 'அம்மாகிட்ட சொல்லாதப்பா'ன்னா. சொல்லல. பூட்டு மாத்தினதை அவகிட்ட சொல்லவும் எனக்கு வாய் வரல."

"என்ன பண்ணுவா இங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டா. காபி போடுவா, உக்காருவா. இப்பத்தான் கொஞ்ச நாளா படுக்கறா. ராத்திரி தூக்கம் இல்ல போல."

"அதுக்கு நான் இருக்கும்போது வந்தா என்னய்யா? நான் படுக்க வேண்டாம்னா சொல்வேன்? போர்த்திவிட மாட்டேனா?"

அவர் ஈரக் கோட்டைக் கழற்றினார். அப்புறம் சொன்னார்: "நீ போர்த்திவிடுவ. அப்புறம் ஏன் இளைச்சிருக்கேன்னு கேப்ப. ஃபீவோஸோட சண்டையான்னு கேப்ப. டாக்டர்கிட்ட போனியா, குழந்தைக்கு என்ன யோசிச்சிருக்கீங்கன்னு கேப்ப. சூப் எடுத்துட்டு வருவ. அவளுக்கு ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேக்காம இருக்கணும், எவாந்தியா. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்!

அப்ப என் வீடு வேணும், நான் வேண்டாம். என் கட்டில் வேணும், என் காபி வேணும், என் போர்வை வேணும், எல்லாத்தையும் நான் இல்லாத நேரமாப் பாத்து வந்து எடுத்துக்கணும். என் சாவியைச் செல்லாக் காசாக்கிட்டு, அவ சாவியை மட்டும் பத்திரமா வெச்சிருந்திருக்கா பாருங்க! எனக்குக் கதவு சாத்துவா, என் கதவு அவளுக்குத் திறந்தே இருக்கணும். எந்த ஊர் நியாயம் இது? நான் என்ன செத்தா போயிட்டேன், ஆள் இல்லாத வீடு மாதிரி வந்து போக? அவ பொறந்த நாள்லேர்ந்து நான் எப்பவாவது ஒரு மணி நேரம் தனியா உக்காந்து காபி குடிச்சிருப்பேனா? எனக்கு வேண்டாமா? எனக்கு எந்தக் கதவு இருந்துச்சு?

எழுதி எழுதிப் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது.

அந்த மனுஷனோட இன்னிக்குப் பேச்சு இல்லை. எட்டு மாசம் வாயைத் திறக்கல. பஸ்ஸை மட்டும் ஓட்டத் தெரிஞ்ச ஆளுன்னு நெனச்சேன்.

டிசம்பர் 2, சனி

சமைக்கவில்லை. லாம்ப்ரோஸ் முட்டை பொரித்துக்கொண்டார். கருக்கிவிட்டார். நல்லா வேணும்.

டிசம்பர் 3, ஞாயிறு

கண்ணை மூடினால் கதவுத் துளையில் தெரிந்த அந்த நெற்றிதான் வருகிறது. போடி.

டிசம்பர் 5, செவ்வாய்

கீழே லிஃப்டுக்கு நிற்கிறேன், கையில் ரொட்டி. வாசல் கதவு திறக்கிறது. அவள். மதிய வேலைக்கு முன்னால் மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். திரும்பி ஓட முடியாது, இரண்டு பேருமே. ஏறினோம். இரண்டு பேர் நின்றால் தோள் உரசுகிற லிஃப்ட்.

கதவு சாத்தியதும் தலையைக் கண்ணாடியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் இருப்பதால் இல்லை. அது அவள் வழக்கம் போலிருக்கிறது. ஏறுகிற அந்த நேரத்தைக்கூட விடுவதில்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு. அந்தப் பட்டன் இன்னும் தொங்குகிறது.

கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "அப்பா சொன்னாரு. பூட்டு மாத்தினியாமே."

அப்பா சொன்னாராம். நீ நின்றதை நான் பார்த்தேனே.

"ஆமா. பழசாயிடுச்சு."

அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்புதான். "சரிதான்" என்றாள்.

இரண்டாவது மாடி வந்தது. நான் இறங்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதாவது சொல்லணுமே என்று பஸ்தீச்சியோ கதையைச் சொன்னேன். மூன்றாவது மாடிக்காரன், சாக்லேட், ஊரின் அன்பு எல்லாம்.

கண்ணைத் திறந்துவிட்டாள். "அது எனக்கு அனுப்பினதா? எனக்கு வாசனை வந்துச்சும்மா. கதவைத் திறந்துக்கிட்டு லிஃப்ட்கிட்ட நின்னேன். மூணுல நின்னுடுச்சு. எம்மேல இருக்கிற கோவத்துல நீ அவங்களுக்குக் குடுத்துட்டேன்னு நெனச்சேன்."

"பைத்தியமா உனக்கு? முகம் தெரியாதவனுக்கு நான் ஏன்டி பஸ்தீச்சியோ குடுப்பேன்?"

"அதான் எனக்கும் புரியல. ரெண்டு நாள் அழுதேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அப்போது வாயில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வருவியாமே, எட்டு மாசமா வருவியாமே, பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவ, எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில். கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமைகூட வந்திருக்க மாட்டாள்.

விழுங்கினேன். கசந்தது. நான் ஒரு கேள்வியை விழுங்கினது என் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"போ, நேரமாச்சு" என்று கதவை விட்டேன்.

டிசம்பர் 7, வியாழன்

பூண்டுத்தழை வைத்து, ஸ்பனகோபிட்டா மாதிரியே ஒன்று சுட்டேன். பெரிய தட்டிலேயே. மூன்றாவது சாவியை அலுமினியத் தாளில் சுற்றித் தட்டின் ஓரத்தில் வைத்தேன். சீட்டு எதுவும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் நிற்க மாட்டேன், எனக்கே தெரியும்.

லிஃப்டில் வைத்து ஐந்தை அழுத்திவிட்டுப் போன் செய்தேன். "அனுப்பிட்டேன். ஓடி வந்து எடு, மூணாவது மாடிக்காரன் தின்னுடப் போறான்."

"சரிம்மா." பின்னால் ஃபீவோஸ் யாருக்கோ ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். லிஃப்ட் நிற்கிற சத்தம். தாளைப் பிரிக்கிற சத்தம்.

"அம்மா..."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை," என்றேன். "நான் சந்தைக்குப் போயிடுவேன். திரும்ப மதியம் ஆயிடும். எதாவது வேணும்னா இப்பவே சொல்லு."

"ஒண்ணும் வேண்டாம்மா," என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

மாலையில் தட்டு கீழே வந்தது. கழுவித் துடைத்து. அடியில் பார்த்தேன். ஓரத்தில் பார்த்தேன். லிஃப்ட் தரையைக்கூடக் குனிந்து பார்த்தேன். அவள் வீட்டுச் சாவி இல்லை. தரவில்லை. தர மாட்டாள். ஒரு சாவி தந்தால் ஒரு சாவி வரும் என்று நான்தான் கணக்குப் போட்டிருக்கிறேன் போல. கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், எனக்குப் பழக்கம்தான்.

"இழுப்பறையில மூணாவது சாவி எங்க?" என்றார் லாம்ப்ரோஸ்.

"தொலைஞ்சிடுச்சு. எனக்குத்தான் மறதியாச்சே."

டிசம்பர் 8, வெள்ளி

சந்தைக்குப் போனேன். வாங்க ஒன்றும் இல்லை, வீட்டில் எல்லாம் இருந்தது. காலையிலேயே குளிர். முட்டி ஒவ்வொரு அடிக்கும் திட்டியது. ஆரஞ்சுக்காரனிடம் பேரம் பேசிப் பேசி ஒரு கூடை ஆரஞ்சு வாங்கிவிட்டேன். மீன்கடைக்காரன், "என்னக்கா, இன்னிக்கு மூணாவது ரவுண்டு வர்றீங்க?" என்றான். உன் மீன் மூணாவது தடவையாவது புதுசா தெரியுதான்னு பாக்க வந்தேன் என்றேன்.

பன்னிரண்டு மணிக்குக் கால் வீட்டுப் பக்கம் திரும்பியது. இழுத்து வந்து சதுக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அசிமினா பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இந்தக் குளிர்ல ஏன்டி இங்க உக்காந்திருக்க? சாவி இல்லையா?"

"இருக்கு."

"பின்ன?"

"சும்மாதான். ஒரு ஆரஞ்சு சாப்பிடு."

கடைகளைப் பிரித்துத் தெருவைக் கழுவிவிடுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் வந்தேன். பூட்டைத் திறக்கும் முன் ஒரு தடவை சத்தமாக இருமினேன், லாம்ப்ரோஸ் மாதிரி.

வீட்டில் யாரும் இல்லை. சின்ன அறையில் போர்வை நன்றாகக் கசங்கிக் கிடந்தது. தலையணையில் ஒரு நீள முடி. தொட்டித் தண்ணீர்க் குழாயடியில் ஒரு காபிக் கோப்பை, அடியில் வண்டலோடு, கழுவாமல்.

எட்டு மாசம் காபி குடித்த தடம் தெரியாமல் கழுவித் துடைத்துவிட்டுப் போனவள். இன்றைக்கு அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறாள், சின்னப் பெண்ணாக இருந்தபோது போட்டுவிட்டுப் போவாளே அது போல. கழுதை. ஒரு கோப்பை கழுவ என்ன கேடு? நான் என்ன வேலைக்காரியா?

கழுவிக் கவிழ்த்தேன். போர்வையை நீவிவிடவில்லை.